மூலையில் இருந்த பட்டன்

விண்டோஸ் 95-இல் இடது மூலையில் வந்து உட்கார்ந்த ஸ்டார்ட் பட்டனை, 2012-இல் விண்டோஸ் 8 தூக்கிவிட்டது. திரை முழுக்க வண்ணக் கட்டங்கள். தொடுதிரைக்கு அழகுதான். மவுஸ் பிடித்துப் பழகியவர்களோ கம்ப்யூட்டரை அணைக்கவே வழி தெரியாமல் முழித்தார்கள். எதிர்ப்பு வலுத்து, மறுவருடமே 8.1-இல் பட்டன் திரும்பியது. பட்டனை அழுத்தினால் விரியும் பழைய மெனு திரும்ப 2015-இல் விண்டோஸ் 10 வரவேண்டியிருந்தது.

2021-இல் வந்த விண்டோஸ் 11, பட்டனை நடுவுக்கு நகர்த்தியது. அதுகூடப் பரவாயில்லை. ரைட் கிளிக் பட்டியலில் கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் எழுத்தே இல்லாத குட்டிப் படங்களாகிப்போனதுதான் எனக்கு எரிச்சல். யாரோ நம் அஞ்சறைப் பெட்டியை மாற்றி அடுக்கிவிட்டுப் போன மாதிரி. (பிறகு படங்களுக்குக் கீழே பெயர் போட்டார்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாம்!)

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இப்போது மாறுகிறவர்கள் செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதில் டாஸ்க்பார் போய் அலைன்மென்ட்டை லெஃப்ட் ஆக்குங்கள், பட்டன் பழைய மூலைக்கே வந்துவிடும். பழைய பட்டியல் வேண்டுமா? ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரைட் கிளிக் செய்யுங்கள்.