மூச்சுக்கும் அளவுண்டு

குறட்டை விட்டு உறங்குகிறவனைக் கண்டால், கொடுத்து வைத்தவன் என்று சொல்வது நம் வழக்கம். கவலையற்ற உள்ளமும் களைத்த உடலும் சேர்ந்தால்தான் அத்தகைய உறக்கம் வாய்க்கும் என்று நம்புகிறோம். கும்பகருணனின் குறட்டையைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைக்காத தமிழாசிரியர் நம்மில் எவரேனும் உண்டோ? ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸும் இந்தச் சிரிப்பை விட்டு வைக்கவில்லை. 1836-ஆம் ஆண்டு அவர் எழுதத் தொடங்கிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் நாவலில், நின்றபடியே உறங்கிவிடும் கொழுத்த சிறுவன் ஒருவன் வருகிறான். படித்தோர் சிரித்தனர். ஆனால், 1956-இல் அமெரிக்க மருத்துவர் சிலர், பருத்த உடலுடன் பகலெல்லாம் தூங்கி வழிந்த நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியபோது, அந்த நாவலின் பெயரையே அந்நோய்க்கு இட்டனர். 1965-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், அத்தகையோர் உறங்கும்போது மூச்சு மீண்டும் மீண்டும் நின்று போவதைக் கருவிகளால் பதிவு செய்தனர். நூறாண்டுக்கு மேல் நகைச்சுவையாக இருந்தது நோயாக அறியப்பட்டது இவ்வாறுதான்.

என் வீட்டில் அந்நோயை முதலில் கண்டறிந்தவர் மருத்துவரல்லர், என் மனைவி. “உங்கள் குறட்டை எனக்குப் பயமில்லைங்க. அது திடீரென்று நின்று போகிறதே, அப்போதுதான் பயமாக இருக்கிறது” என்று ஒருநாள் காலையில் சொன்னாள். எத்தனையோ இரவுகள் அவள் விழித்திருந்து, என் அடுத்த மூச்சு வருகிறதா என்று காத்திருந்திருக்கிறாள். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும், எழும்போது கட்டை வெட்டிய களைப்பு. வகுப்பில் மாணவன் வாசிக்க, என் கண்கள் தாமாக மூடும். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு நெடுஞ்சாலையில் காரோட்டிச் செல்வதென்றால் உள்ளூர அச்சம்.

மருத்துவமனையில் ஓர் இரவு படுக்க வைத்து ஆய்ந்தார்கள். மணிக்கு 38 முறை என் மூச்சு நின்றது அல்லது குன்றியது. குறைந்தது 10 வினாடி நீடித்தால்தான் அதனை ஒரு தடையாகக் கணக்கிடுவர். மணிக்கு ஐந்துக்குக் கீழிருந்தால் குறைவில்லை. முப்பதைத் தாண்டினால் நோய் கடுமையானது.

இதன் காரணம் எளிது. உறங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. இடுக்கமான தொண்டை உடையவர்க்கு, அத்தசைகளும் நாவின் அடிப்பகுதியும் பின்னே சரிந்து மூச்சு வழியை மூடுகின்றன. குருதியில் உயிர்வளி குறைகிறது. மூளை பதறி, உறங்குபவனைக் கணப்பொழுது எழுப்புகிறது. அவன் ஒரு பெருமூச்சு வாங்கி மீண்டும் உறங்குகிறான். தான் விழித்தது அவனுக்கே தெரியாது. இரவு முழுவதும் இப்படி நூற்றுக்கணக்கான முறை எழுப்பப்பட்டவன் எப்படிப் புத்துணர்வோடு எழுவான்? இரத்த அழுத்தம் ஏறுவதும், இதயம் நலிவதும், பக்கவாதத்திற்கு வாய்ப்பு மிகுவதும் இதன் தொடர்ச்சிகள்.

1980-ஆம் ஆண்டுக்கு முன், கடுமையான நோயாளிகளுக்கு மருத்துவம் அளித்த வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சு விட வைப்பதே. அவ்வாண்டு சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் வேறொரு வழி கண்டார். காற்றை மூக்கின் வழியே மென்மையாக, இடையறாது செலுத்தினால், அக்காற்றே தொண்டையைத் தாங்கிப் பிடிக்காதா என்று எண்ணினார். தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் கொண்டே அவருடைய தொடக்கக் கருவி உருவாயிற்று. 1981-இல் ஐந்து நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. இன்று உலகெங்கும் தலைமாட்டில் இருக்கும் சிபாப் கருவியின் பிறப்பு இதுவே.

இக்கருவியின் உயிர் அதன் அழுத்தத்தில் இருக்கிறது. அதனை நீரின் உயரத்தால் அளக்கிறார்கள். ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழாயை 10 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அமிழ்த்தி, அதன் நுனியிலிருந்து குமிழி வரும்படி ஊதிப் பாருங்கள். அப்போது நீங்கள் தரும் அழுத்தமே 10 சென்டிமீட்டர் நீரழுத்தம். நம்மைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலத்தின் அழுத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் அது. பெரும்பாலான கருவிகள் 4 முதல் 20 வரை தரவல்லவை. மிதிவண்டிச் சக்கரத்தின் குழாயைக் காற்றுத் தாங்குவது போல, இச்சிறு அழுத்தம் தொண்டையைத் திறந்து வைக்கிறது.

அளவு குறைந்தால் தொண்டை மூடிக்கொள்ளும். மிகுந்தாலோ வேறு தொல்லைகள் வரும்: காற்று இரைப்பைக்குள் இறங்கி வயிறு உப்பும், முகமூடியின் ஓரங்களில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும், வாய் உலரும். சிலருக்கு, தொண்டை திறந்திருந்தும், மூச்சு விடும்படி மூளை ஆணையிடத் தவறும் வேறுவகைத் தடையும் தோன்றும். ஆகவே, ஒவ்வொருவருக்கும் உரிய அளவு என்று ஒன்று உண்டு.

அந்த அளவை யார் காண்பது? இந்தக் கேள்விதான் என்னை எழுதத் தூண்டியது.

என் நண்பர் ஒருவர், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு முன்பே கருவி வாங்கியவர். விற்றவர்கள் கருவியை வந்தபடியே, 4-க்கும் 20-க்கும் இடையே தானாக ஏறி இறங்கும் நிலையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். படுத்தவுடன் 4-இல் மூச்சு முட்டுகிறது என்றார். விடியுமுன் வயிறு பறை போல் உப்புகிறது என்றார். மறுமுறை மருத்துவரைக் காண ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றே வாரங்களில் கருவி அலமாரிக்குள் போயிற்று. ஓராண்டு கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. கருவியை விட்டதனால்தான் வந்தது என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆயினும், நான் பார்க்கச் சென்றபோது அவர் குழறிய மொழியில் கேட்ட கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. “தம்பி, அதைக் கூட்டிக் குறைக்கலாம் என்று எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?”

எனக்கும் கருவி அதே 4–20 என்ற அளவில்தான் வந்தது. பல கருவிகளில் மருத்துவருக்கென ஒதுக்கப்பட்ட பக்கம் ஒன்று உண்டு. அழுத்தத்தை மாற்றும் இடம் அதுவே. அறிந்தவர்க்கு அது எளிதில் திறக்கும். ஆனால், பூட்டில்லாத அறை என்பதனாலேயே நுழைந்துவிடலாமா? நான் முதலில் செய்தது, ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு வாங்கியது. கருவி ஒவ்வொரு காலையும் காட்டிய கணக்கை அதில் எழுதினேன்: மணிக்கு எத்தனை தடை, எவ்வளவு கசிவு, பெரும்பொழுது எந்த அழுத்தத்தில் ஓடியது, எத்தனை மணி நேரம் உறங்கினேன் என்பன. அவற்றுக்குப் பக்கத்தில் கருவி அறியாத இரண்டு செய்திகளையும் எழுதினேன்: காலையில் என் உடல்நிலை, என் மனைவி கேட்டது.

மூன்று வாரக் கணக்கோடு மருத்துவரிடம் சென்றேன். அவர் சீன மாது, இளம் வயதினர். ஏட்டைப் புரட்டிப் பார்த்துப் புன்னகைத்தார். அவர் எனக்கு விதித்த நெறிகள் மூன்று. முதலாவது, கசிவை நிறுத்துமுன் அழுத்தத்தைத் தொடக் கூடாது. ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினும் நிரம்புமா? இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாமல் மாற்ற வேண்டும். மூன்றாவது, மாற்றிய பின் ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். ஓர் இரவின் கணக்கு ஓர் இரவின் கணக்கே.

அவ்வாறே நடந்தேன். முகமூடியின் அளவை மாற்றிக் கசிவை அடக்கியதுமே 12 என்றிருந்த எண் 9 ஆயிற்று. கருவி பெரும்பொழுது 10-ஐ ஒட்டியே ஓடிக்கொண்டிருந்ததைக் கணக்குக் காட்டியது. தொண்டை மூடத் தொடங்கிய பின்னரே கருவி 4-இலிருந்து மெல்ல ஏறி வருகிறது. அது வந்து சேருமுன் தடை நேர்ந்துவிடுகிறது. ஆகவே கீழெல்லையை 5, 6, 7 என்று வாரத்திற்கு ஒரு படியாக உயர்த்தினேன். எண் 5-க்கு இறங்கியது. 8-இல் அது 3 ஆயிற்று. 9-இல் இன்னும் சற்றுக் குறைந்தது. ஆனால் என் நண்பரை வருத்திய அதே வயிற்று உப்பல் தலைகாட்டியது. எண்ணின் அழகைவிட உறக்கத்தின் அமைதி பெரிது என்று 8-க்கே திரும்பினேன். பின்னர் மேலெல்லையை 20-இலிருந்து படிப்படியாக 14-க்குக் குறைத்தேன். அதன் பிறகு, நள்ளிரவில் காற்றுச் சீறி என்னை எழுப்பவில்லை.

ஓர் இரவு ஆய்வில் கண்ட அளவு வாழ்நாள் முழுமைக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது என்பதையும் அந்த ஏடு எனக்குக் கற்பித்தது. மல்லாந்து படுத்த இரவில் தடை மிகும். ஒருக்களித்துப் படுத்தால் குறையும். உடல் எடை கூடினால் தேவை கூடும். புகைமூட்டக் காலத்தில் மூக்கடைத்தால் கணக்கு மாறும். மது அருந்துவோர்க்கு அவ்விரவின் தொண்டை மேலும் தளரும். மனித உடல் நாள்தோறும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆயினும், இதனைப் படிக்கும் எவரும் இன்றிரவே பொத்தானை அழுத்தத் துணிய வேண்டா. இதயம் நலிந்தோர், நுரையீரல் நோயுடையோர், பக்கவாதம் கண்டோர், வலுவான வலிநீக்கி மருந்து உண்போர் ஆகியோர்க்கு இது தாமே செய்துகொள்ளும் செயலன்று. தொண்டை திறந்திருந்தும் மூச்சு நிற்பதாகக் கருவி காட்டும் எண்ணிக்கை மிகுந்தால், அழுத்தத்தைக் கூட்டுவது தீர்வாகாது; மருத்துவரிடம் செல்வதே தீர்வு. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வை இங்கு நினைவுகூர்தல் தகும். இதயத் தசை மிக நலிந்து, மூளையின் ஆணை தவறுவதால் மூச்சு நிற்கும் நோயாளிகளுக்கு, ஒவ்வொரு மூச்சுக்கும் தக்கவாறு அழுத்தத்தை மாற்றும் வேறுவகைக் கருவி ஒன்றைப் பொருத்தினர். மூச்சுத் தடை நன்றாகவே குறைந்தது. ஆனால் இதய நோயால் இறந்தோர் தொகை, அக்கருவி பொருத்தாதவர்களைவிட மிகுதியாயிற்று. கருவி காட்டும் எண் குறைந்தது, மனிதனோ பிழைக்கவில்லை. எண்ணையே நோக்கமாகக் கொள்வோர்க்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமோ?

வள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன். அவற்றுள் நோயுற்றவனையே முதலில் வைத்தார். ஆண்டுதோறும் இக்குறளை நடத்தியிருக்கிறேன். நோயுற்றவன் மருந்தை வாங்கிக்கொள்ளும் வெறும் பாத்திரமல்லன். அவனும் மருத்துவத்தின் ஓர் உறுப்பு. என் விஷயத்தில் நால்வகையும் பொருந்தி வந்தன. மருத்துவர் நெறி காட்டினார், கருவி மருந்தாயிற்று, என் மனைவி உடனிருந்து செவி கொடுத்தாள், நான் ஏடு எழுதினேன். இந்நான்கில் ஒன்று விலகியிருந்தாலும் அந்தக் கருவி என் வீட்டிலும் அலமாரிக்குள்தான் போயிருக்கும்.

மாணவனுக்கு விடையை மட்டும் கொடுத்து வழியைச் சொல்லாத ஆசிரியரை நாம் நல்லாசிரியர் என்று சொல்வதில்லை. கேள்வி சற்று மாறினாலும் அம்மாணவன் திகைத்து நிற்பான். நோயாளிக்கும் இது பொருந்தும். கருவியைக் கையில் கொடுப்பவர்கள் அதன் கணக்கைப் படிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்; கற்றுக்கொள்பவன், எங்கே தன் எல்லை முடிகிறது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும். அறிவைப் பூட்டி வைப்பதும் தவறு. அறியாமல் திறப்பதும் தவறு. இவ்விரண்டுக்கும் நடுவே பொறுமையோடு நடக்க ஒரு பாதை இருக்கிறது. அதில் ஒரு நேரத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் நடக்க முடியும். ஆனால் நடந்தவர்கள் நன்றாக உறங்குகிறார்கள். அவர்களின் அருகில் படுப்பவர்களும் அச்சமின்றி உறங்குகிறார்கள்.