பழி சுமந்த டிரைவர்

சென்ற ஆண்டு வேறொரு மேசையில் நேர்ந்த கணக்குப் பிழைக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தவன் நான். ஆகவே கணிப்பொறி பயிலும் தம்பி சொன்ன 2008-ஆம் ஆண்டுச் செய்தி நெஞ்சைத் தொட்டது. டிரைவர் என்றதும் எஞ்சின் ஓட்டுபவரை எண்ணிவிடாதீர்கள். லினக்ஸுக்கும் ஈதர்நெட் சில்லுக்கும் இடையே தூது செல்லும் நிரல் அது.

லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டிய சிலருடைய இன்டெல் சில்லுகள், தம்முள் பதிந்த குறிப்பேடு சிதைந்து ஊமையாயின. பழி இ1000இ என்னும் டிரைவர்மேல் விழுந்தது. அதனைப் பேணுவோர், காரணம் தெரியுமுன்பே அக்குறிப்பேட்டுக்குப் பூட்டுப் போட்டனர். நானோ மூன்று பக்கம் வாதாடினேன், பதிவேட்டைப் பூட்டவில்லை.

அக்டோபரில் உண்மை வெளிப்பட்டது. நிரல்களின் போக்கைத் தடமறியும் எஃப்டிரேஸ், பழைய நிரல் காலி செய்த முகவரியில் திருத்தம் எழுதப் போயிற்று. அங்கே சில்லின் குறிப்பேடு குடியேறியிருந்தது! 2.6.27.1 பதிப்பு அவ்வசதியை முடக்கியது. டிரைவரின் பூட்டை மட்டும் அவர்கள் கழற்றவில்லை.