மெடிசின் லாட்ஜ்: செம்மண் குன்றுகளும் ஒரு சம்சாரியும்

கான்சாஸ் என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் அந்த மாநிலத்தில், தென் எல்லையை ஒட்டிய மெடிசின் லாட்ஜ் ஊரைச் சுற்றி நிலம் வேறு மாதிரி. செக்கச் சிவந்த குன்றுகள், உச்சியில் வெள்ளை வெளேரென்று ஜிப்சம். பார்பர் கவுண்டிக்கு இதுதான் தலைமையிடம்; ஆனாலும் இரண்டாயிரம் பேர்கூட இல்லை.

1867 அக்டோபரில் கயோவா, கொமான்சி, அப்பாச்சி, செயன், அரபாஹோ மக்களோடு அமெரிக்க அரசு உடன்படிக்கை செய்துகொண்டது இந்த ஊர்ப்பக்கத்தில்தான். பரந்த மேய்ச்சல் வெளியை விட்டு, ஒதுக்கித் தந்த இடத்துக்குள் அவர்கள் ஒடுங்க வேண்டியதாயிற்று. பிறகு வண்டி கட்டிக்கொண்டு குடியேறிகள் வந்தார்கள்.

ஜெர்ரி சிம்ப்சனும் அப்படி வந்தவர்தான். 1842இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்து, பேரேரிகளில் கப்பல் ஓட்டியவர். 1880களில் இங்கே மாடு வளர்க்கத் தொடங்கினார். ஒரு கொடும் பனிக்காலம் மந்தையைக் கொன்றுபோட்டது. பிழைப்புக்காக ஊரின் காவல் பொறுப்பை ஏற்று மார்ஷல் ஆனார்.

நொடித்தது அவர் மட்டுமல்ல. மழை பொய்த்தது, தானியம் விலை போகவில்லை. விளைந்த கொஞ்சத்தையும் ரயில் கட்டணமும் அடமான வட்டியும் தின்றன. 1890இல் கான்சாஸ் விவசாயிகள் மக்கள் கட்சியைத் தொடங்கினார்கள். சிம்ப்சன் நாடாளுமன்றத்துக்கு நின்றார். எதிர்த்து நின்ற ஹாலோவெல் பட்டுக் காலுறை போடுகிறவர் என்று மேடையில் சாடினார். இவருக்குக் காலுறையே கிடையாது என்று பத்திரிகை திருப்பியடித்தது. ஏளனமாக வைத்த 'காலுறையில்லா ஜெர்ரி' என்ற பெயரையே கொடியாகப் பிடித்து வென்றார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

ஆனால் அவரை வெறும் மேடைப் பேச்சாளராக நினைத்துவிடக் கூடாது. நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி போட்டால் போதும் என்ற ஹென்றி ஜார்ஜின் கொள்கையை உறுதியாக நம்பினார். 1892இல் ஜார்ஜின் புத்தகம் ஒன்றை, ஆறு உறுப்பினர்கள் ஆளுக்கொரு பகுதியாக நாடாளுமன்றப் பதிவேட்டில் முழுக்க ஏற்றினார்கள். அந்த ஆறு பேரில் சிம்ப்சன் ஒருவர்.

அடுத்து அவரை எதிர்த்து நின்ற வக்கீல் செஸ்டர் லாங்கும் மெடிசின் லாட்ஜ்காரரே. 1892இல் சிம்ப்சன், 1894இல் லாங், 1896இல் மறுபடி சிம்ப்சன், 1898இல் மறுபடி லாங் என்று மாறி மாறி வென்றார்கள். தென்மேற்குக் கான்சாஸ் முழுவதும் பரந்த தொகுதியின் சண்டை, நான்கு தேர்தலுக்கு இந்தச் சின்ன ஊரின் உள்ளூர்ச் சண்டையாகவும் இருந்தது.

லாங் பின்னர் செனட்டர் ஆனார். சிம்ப்சன் நியூ மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்தார். 1905இல் கான்சாஸின் விசிட்டா நகரில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். செம்மண் குன்றுகளுக்கு அவர் திரும்பவில்லை.