காவல் வண்டிக்கு இழுவைக் கொக்கி

அமெரிக்கக் காவல்துறையினர் சேவையினின்று விலக்கி ஏலத்தில் விட்ட ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஒன்றை வாங்கி, சிறு படகொன்றை ஏரிக்கு இழுத்துச் செல்லும் பொருட்டு அதில் ஹிட்ச் எனும் இழுவைக் கொக்கியைப் பொருத்த நிச்சயித்த நான், முதலில் பரிசீலித்தது வண்டியின் பூர்வ சரித்திரத்தையே. ஓடிய மைல்கள் பாதிக் கதைதான். சாலையோரத்தில் நின்றபடியே எஞ்சின் ஓடிய ஒவ்வொரு மணி நேரத்தையும் ஏறத்தாழ 33 மைல் ஓட்டத்துக்குச் சமமாகக் கொள்ளவேண்டும் என்பது ஃபோர்டு நிறுவனத்தாரின் கணக்கு.

ஹிட்ச்சின் 2 அங்குலச் சதுரக் குழாயை வண்டியின் சட்டத்தோடு போல்ட்டுப் போட்டு முறுக்குவது பிரமாதமான காரியமன்று. ஆயினும் ஹிட்ச்சின் மேல் பொறித்துள்ள எடை அந்த இரும்புக்கு உரியதேயன்றி வண்டிக்கு உரியதன்று. வண்டி இழுக்கக்கூடிய எடையை வாகனக் கையேட்டில்தான் பார்க்கவேண்டும். படகைச் சுமக்கும் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் அமர்வதே உத்தமம். குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் அலைபாயும், உயிருக்கே அபாயம்.

என்னை அதிகம் கவலைக்குள்ளாக்கியது வயரிங்தான். சுழல்விளக்கும் ஸைரனும் கழற்றப்பட்ட இடங்களில், நுனி கத்தரிக்கப்பட்டு, டேப்பு கூடச் சுற்றாமல், மின்சாரம் உள்ளதா இல்லையா என்று தெரியாத கம்பிகள் உள்தகட்டுக்குப் பின்னே தொங்கின. அவற்றில் ஒன்றையும் தீண்டாமல், பியூஸுடன் பேட்டரியிலிருந்தே தனிக் கம்பி இழுத்து டிரெய்லர் விளக்குகளுக்குக் கொடுத்தேன். இத்தகைய வண்டி வாங்குவோர் அனைவரும் அவ்வாறே செய்யவேண்டுமென்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன்.