பக் ஓடிய பனிப் பாதை

டாஸன் நகரத்தில் ஜூன் மாதம் இரவு பதினொரு மணிக்கு விளக்கு ஏற்றாமல் கடிதம் எழுதலாம். நள்ளிரவு கழிந்த பிறகுதான் சூரிய பகவானுக்கு மலைக்குப் பின்னால் போக மனசு வருகிறது. நாம் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் மறுபடி வந்து நிற்கிறார். "பொழுதே சாயவில்லை, அதற்குள் ராத்திரிச் சாப்பாடா?" என்றார் என் வீட்டுக்காரர். ஆனாலும் ஒரு பிடி குறைக்கவில்லை.

கனடா தேசத்தின் வடமேற்கு மூலையில், யூக்கான் நதியும் குளோண்டைக் நதியும் கூடுகிற இடத்தில் இருக்கிறது இந்த ஊர். 1896 ஆகஸ்டில் பக்கத்து ஓடை ஒன்றில் தங்கம் கிடைத்தது. செய்தி பரவியதும் சுமார் லட்சம் பேர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். வந்து சேர்ந்தவர்கள் முப்பது நாற்பதாயிரம் பேர்தான். இன்று இது ஒரு சிற்றூர். மண் தெரு, மரப்பலகை நடைபாதை. அடியில் உறைந்து கிடக்கும் பூமி சற்று இளகினாலும் மேலே உள்ள கட்டடம் சாய்ந்துவிடுகிறது. ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் பழைய கடைகளைப் பார்த்ததும், கல்யாண வீட்டில் தூங்கி வழியும் பாட்டிமார்கள் ஞாபகம் வந்தது.

நான் இங்கே வந்தது தங்கத்துக்காக அல்ல. ஒரு நாய்க்காக.

ஊரின் மேட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன மரக்குடிசை இருக்கிறது. கூரையின்மேல் புல் முளைத்திருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் தம் இருபத்தோராவது வயதில் தங்கம் தேடி வந்து, 1897-98 குளிர்காலத்தில் தங்கிய குடிசை இது. முதலில் இது ஹெண்டர்ஸன் ஓடைக் காட்டுக்குள் இருந்தது. 1960-களில் கண்டுபிடித்து, அண்ணன் தம்பி சொத்தைப் பிரிப்பது போலக் கட்டைகளைப் பாகம் போட்டுவிட்டார்கள். பாதி இங்கே, பாதி அவருடைய ஊரான ஓக்லண்டில்.

ஜாக் லண்டனுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. காய்கறி காணாத சாப்பாட்டால் ஸ்கர்வி நோய் கண்டு 1898-ல் ஊர் திரும்பினார். ஆனால் பக் என்ற நாய் அவருக்குக் கிடைத்தது. 1903-ல் வந்த அந்தக் கதையைப் பெரியசாமித் தூரன் 'கானகத்தின் குரல்' என்று தமிழில் தந்திருக்கிறார். நிஜத்திலும் அப்படி ஒரு நாய் இருந்தது. டாஸனில் பாண்ட் சகோதரர்கள் வளர்த்த அதன் பெயரும் ஜாக்தான்!

கதையில் பக், கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி வீட்டுச் செல்லப் பிள்ளை. சூதாடிக் கடன்பட்ட தோட்ட வேலையாள் அதைத் திருட்டுத்தனமாக விற்றுவிடுகிறான். வழியில் தடியடி. பிறகு கப்பல். கடைசியில் டையா என்ற கடற்கரையில் கொண்டு வந்து இறக்குகிறார்கள்.

அந்த டையாவை நாங்கள் டாஸனுக்கு வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். அலாஸ்காவில், ஸ்காக்வே துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஜனங்கள் முட்டி மோதிய இடத்தில் இப்போது மரமும் புல்லும் படகுத்துறையின் மொட்டைக் கட்டைகளுமாகத் தெரிகின்றன. சற்றுத் தள்ளி ஒரு மயானம். 1898 ஏப்ரல் 3-ந் தேதி பனிச்சரிவில் மாண்டவர்களில் பலர் அங்கே கிடக்கிறார்கள். இங்கிருந்துதான் சில்கூட் கணவாய் ஏற வேண்டும். ஆளுக்கு ஒரு டன் சாமான் இல்லாவிட்டால் கனடாப் போலீசார் எல்லையில் விடமாட்டார்கள். அதை முதுகில் சுமந்து, பனியில் வெட்டிய படிகளில் பல நடை ஏறி இறங்கினார்கள். அடுத்த கணவாயான வொயிட் பாஸில் சுமார் மூவாயிரம் குதிரைகள் செத்து விழுந்தனவாம். வாயில்லா ஜீவன்களுக்குத் தங்கம் எதற்கு?

இதையெல்லாம் பார்த்த பிறகு அந்தக் குடிசை வாசலில் உட்கார்ந்து கதையை மறுபடி புரட்டினேன். பக் ஒரே நாளில் காட்டு மிருகமாகிவிடவில்லை. முதல் ராத்திரி குளிர் தாங்காமல் எஜமானர்களின் கூடாரத்துக்குள் நுழைகிறது; பாத்திரத்தை வீசி விரட்டுகிறார்கள். மற்ற நாய்கள் பனிக்கு அடியில் குழி பறித்துப் படுத்திருப்பதைப் பார்த்துத் தானும் பறிக்கிறது. அடுத்து, பசிக்குத் திருடக் கற்கிறது. பாதம் மட்டும் இன்னும் வீட்டு நாயின் மெத்தென்ற பாதம். வண்டிக்காரன் பிரான்ஸுவா தன் செருப்பின் தோலை வெட்டி அதற்கு நாலு குட்டிச் செருப்புத் தைத்துப் போடுகிறான். ஒரு நாள் அவன் மறந்துவிட, பக் மல்லாந்து படுத்து நாலு காலையும் ஆட்டிக் கேட்கிறது! போகப் போகப் பாதம் காய்த்துப் போகிறது, செருப்பை எறிந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் மனசு என்னவோ செய்தது. ஸ்பிட்ஸ் என்ற நாயை அது கடித்துக் கொல்லும் இடத்தில்கூட அப்படி இல்லை.

மெர்ஸிடிஸ் என்று ஒரு சீமாட்டியும் வருகிறாள். மூட்டை மூட்டையாகத் துணிமணியைச் சறுக்கு வண்டியில் ஏற்றி, போதாக்குறைக்குத் தானும் ஏறிக்கொள்கிறாள். இழுக்கும் நாய்களுக்கோ தீனி இல்லை. கோபம் வந்தது, அப்புறம் ரயிலுக்கு நான் கட்டும் மூட்டைகள் நினைவுக்கு வர, கொஞ்சம் தணிந்தது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முடிவில் பக்கின் அன்பான எஜமானைக் கொல்வது யீஹாட் என்ற காட்டு ஜாதியாம். அப்படி ஒரு ஜாதி கிடையாது. அது ஆசிரியரின் கற்பனை. இந்த மண்ணுக்கு உரியவர்கள் ட்ரோண்டெக் ஹ்வெச்சின் மக்கள். நதிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்தான் வந்தவர்கள் வாயில் 'குளோண்டைக்' ஆயிற்று. சால்மன் மீன் பிடித்து வாழ்ந்த கரையில் ஜனக்கூட்டம் வந்து இறங்கவே, அவர்கள் தலைவர் ஐஸக் தம் மக்களை நதியில் மூன்று மைல் கீழே மூஸ்ஹைடு என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். தங்கள் பாட்டும் கூத்தும் அழிந்துவிடுமோ என்று பயந்து, அலாஸ்காவில் இருந்த உறவினரிடம் அவற்றை ஒப்படைத்தார். நீதிபதி வீட்டு நாயின் கதையை உலகம் முழுதும் படிக்கிறது. வீட்டுக்காரர்களையே வெளியே அனுப்பிய இந்தக் கதையை எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். 1993 முதல் அவர்கள் மூஸ்ஹைடில் கூடி, திரும்பி வந்த அந்தப் பாட்டுக்களைப் பாடுகிறார்கள்.

மறுநாள் ஊருக்கு மேலே உள்ள குன்றில் ஏறினோம். தெளிந்த குளோண்டைக்கும் கலங்கிய யூக்கானும் சிறிது தூரம் ஒட்டாமலே பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. கீழே ஒரு படகு மூஸ்ஹைடு பக்கமாகப் போயிற்று. அதன் முனையில் ஒரு நாய், காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.