கையில் கம்பு, மனத்தில் அமைதி

வீட்டினுள் நுழையுமுன் காலணியைக் கழற்றி வாசலில் விடுவது நம் வழக்கம். ஆனால் பகலெல்லாம் சேர்த்த எரிச்சலை வாசலில் கழற்றி வைக்க நம்மில் பலர் பழகவில்லை. அதனைச் சுமந்தபடியே உள்ளே செல்கிறோம். எதிரே வரும் குழந்தையின் மேல் இறக்கி வைக்கிறோம்.

எங்கள் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை. சற்றுத் தொலைவில், 1956-இல் தொடங்கப்பெற்ற நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம். இரவு ஷிப்டு முடித்து வரும் தந்தை பகலில் உறங்க வேண்டும். பிள்ளைகளோ பகலில் விளையாட வேண்டும். அடுப்படி, அலுவலகம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எனத் தாய்க்கோ நாள் முழுவதுமே ஷிப்டுதான். இத்தகைய வீடுகளில் அன்பு குறைவதில்லை, பொறுமைதான் குறைகிறது.

இதன் காரணம் உடலிலும் உள்ளது. குளிரோ, காயமோ, நஞ்சோ, துன்பம் எதுவாயினும் உடல் ஏறத்தாழ ஒரே வகையில் எதிர்வினை காட்டுகிறது என்று ஹான்ஸ் செலி என்னும் அறிஞர் எலிகளை ஆராய்ந்து 1936-இல் எழுதினார். ஆபத்து நேர்கையில் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகியவை சுரக்கின்றன, நெஞ்சு படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ போராடவோ உடல் ஆயத்தமாகிறது. மேலதிகாரியின் கடுஞ்சொல்லைக் கேட்டு நாம் ஓடவும் முடியாது, போராடவும் முடியாது. ஆயத்தமான உடல் அந்தச் சூட்டோடு வீடு திரும்புகிறது. அச்சூட்டிற்கு நல்லதொரு வடிகால் தேவை.

நாங்கள் சில குடும்பத்தார் அவ்வடிகாலைச் சிலம்பத்தில் கண்டோம். கராத்தே, ஜூடோ முதலியனவும் நற்பயனே தரும். எனினும் நம் மண்ணின் கலைக்கு ஒரு மூங்கிற்கம்பும் சிறிது திறந்த வெளியும் போதும். முதல் நாளிலேயே கம்பைச் சுழற்றலாம் என்று எண்ணி வந்தோம்; ஆசானோ பல நாள் காலடி மட்டுமே கற்பித்தார். கால் நிலைத்த பின்னரே கை வீச்சு. வீச்சு தொடங்கியதும் ஓர் உண்மை விளங்கிற்று: கடன் தவணையையோ அலுவலகத் தகராற்றையோ எண்ணிக்கொண்டு கம்பு சுழற்ற முடியாது. கவனம் சிதறிய கணமே கம்பு கணுக்காலில் தட்டி நினைவூட்டும். அரைமணி நேரம் மனம் வேறெங்கும் செல்லாது நிற்பதே பெரியதோர் ஓய்வு. வியர்வை வடிந்து, மூச்சு மெல்ல அடங்கும்போது நெஞ்சின் படபடப்பும் அடங்குகிறது. உடற்பயிற்சி செய்த நாளின் உறக்கமும் ஆழ்ந்ததாகிறது.

"குடும்பத்தாருக்கு அடிதடிக் கலை எதற்கு?" என்று சிலர் வினவுவதுண்டு. சிலம்பம் ஆடுபவர் முதலில் குனிந்து மண்ணைத் தொட்டு வணங்குகிறார். ஆசானையும் எதிரே நிற்பவரையும் வணங்குகிறார். தொடுமுறைப் போட்டியில் எதிராளியின் உடலைக் கம்பால் தொட்டாலே புள்ளி உண்டு. அடித்து வீழ்த்த வேண்டுவதில்லை. ஓங்கிய கையை உரிய இடத்தில் நிறுத்துவதே இக்கலையின் நுட்பம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இங்கு ஆத்திரப்படுபவர் உடனே தோற்கிறார். இல்லத்திற்கு இதனினும் நல்ல பாடம் வேறென்ன? பிள்ளையை அடிக்கக் கம்பெடுக்கும் வீட்டில், பிள்ளையோடு ஆடக் கம்பெடுப்பது எத்தகைய மாற்றம்!

நேரமில்லை என்பது அடுத்த தடை. வயது வந்தோர்க்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி என்றால் அதன் முதல் எல்லையை எட்டிவிடலாம். கணவர் பயிலும்போது மனைவி பிள்ளைகளைக் கவனிப்பதும், மனைவி பயிலும்போது கணவர் கவனிப்பதும் முறை. அரைமணி ஓய்வு தாய்க்கும் உரியது என்பதை மறத்தல் ஆகாது.

சில எச்சரிக்கைகளும் உள. இரத்த அழுத்தமோ மூட்டு வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். கம்பு சுழலும் வட்டத்திற்குள் குழந்தைகள் வாராது காக்க வேண்டும். சிலம்பம் கடனைத் தீர்க்காது. குடிப்பழக்கத்தையும் தானே விரட்டாது. நாட்கணக்கில் உறக்கமின்றி, வாழ்வே சுமையெனத் தோன்றுவோர் தயங்காது மருத்துவ உதவி நாட வேண்டும்.

அன்பார்ந்த பெற்றோரே! நாம் பாடுபடுவதெல்லாம் பிள்ளைகளுக்காகவே என்கிறோம். அப்பிள்ளைகளோ நம் சம்பளத்தை எண்ணுவதில்லை. கதவு திறக்கும் ஓசை கேட்டதும் நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்த முகம் மலர்ந்திருக்க நாளில் அரைமணி செலவிடுவது வீண் செலவாகுமா?