குளிர் போன வழி

சித்திரை வெயிலிற் சேலத்துச் சமவெளியிலே, கண்ணாடிகளை அடைத்துக்கொண்டு மோட்டார் வண்டியிற் செல்வோர்க்குக் குளிர்சாதனம் ஆடம்பரமன்று என்பதனைச் சென்ற விடுமுறையில் அறிந்தோம். எம் அம்மாயிக்குச் சேலத்திலே கண்புரை நீக்கியிருந்தனர். கண்ணில் தூசி படலாகாதென்பது மருத்துவர் கட்டளை. ஆதலின் நாமக்கல்லிலுள்ள எமது இல்லம் வரையிற் கண்ணாடி இறக்காமலே அவரை அழைத்துவருதல் வேண்டியிருந்தது.

வண்டியின் குளிரோ ஒரு மாதமாகக் குறைந்துகொண்டே வந்தது. எம் தமையனார், ஆர் 134ஏ என்னும் வாயு அடைத்த குப்பி ஒன்றும், சிறு அழுத்தமானி பொருத்திய குழாயும் கடையில் வாங்கிவந்து, வீட்டு முற்றத்திலேயே ஏற்றினார். அன்று மாலை வண்டிக்குள்ளே மார்கழி வந்துவிட்டது. மறுநாள், "மற்றொரு குப்பியும் ஏற்றினால் இன்னும் குளிருமே" என்றவர் யாமே. தமிழ் மாணாக்கர் இயந்திரத்திற்கு உரை காணப் புகுந்ததன் பயனைப் பின்னர் நுகர்ந்தோம்.

அம்மாயியை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வண்டி ஓடுமளவும் தண்காற்று வந்தது. ஆண்டகளூர் கேட்டைக் கடந்து, சுங்கச்சாவடியில் லாரிகளின் பின்னே நின்றவுடன் அனற்காற்று வீசலாயிற்று. கம்பிரெசரின் கிளட்ச் 'டக், டக்' கென்று பிடிப்பதும் விடுவதுமாக ஒலித்தது. "கண்ணாடிய எறக்கி உடு சாமி" என்றார் அம்மாயி. யாம் இசைந்திலோம், எமது இலக்கணக் குறிப்பேட்டினால் விசிறினோம். வேர்வை கண்கட்டின்மேல் வழிந்தது. எம் நாவினின்று போந்த சொல்லை அப்பொழுது நொந்தோம்.

லாரிக்குக் கூடு கட்டுதலிற் பெயர்பெற்ற நாமக்கல்லிலே நல்ல மெக்கானிக்குக்குக் குறைவில்லை. யாம் அணுகியவர் முதலில் நகைத்தார். "ஏனுங்க தம்பி, டயர்ல காத்துப் போனா அடிச்சுக்கிட்டே இருப்பீங்களா? பஞ்சர் எங்கேன்னு பாக்கோணுமில்லீங்க?" என்றார். பெட்ரோலைப் போல இவ்வாயு செலவாவதன்று. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றுவது. நன்கு குறைந்ததெனின் ஒழுகியதென்றே பொருள். மேலும், எஞ்சின் நின்றிருக்கையில் அழுத்தமானி காட்டுவது வெயிலின் அளவையே. உள்ளே சிறிது திரவம் எஞ்சியிருப்பினும் மிகுதியாக இருப்பினும் முள் ஓரிடத்திலேயே நிற்கும். எம் தமையனார் அம்முள்ளையே வேதமாக நம்பினார்.

நிற்க. எம் வண்டியில் நோய் இரண்டு. அளவுக்கு மிஞ்சிய வாயு கண்டென்சரில் திரவமாய்த் தேங்கி, வெப்பம் வெளியேறும் இடத்தைக் குறைத்தது. கண்டென்சரின் மின்விசிறியும் பழுதுற்றிருந்தது. ஓடும்பொழுது எதிர்காற்று அக்குறையை மறைத்தது. நின்றவுடன் அழுத்தம் ஏறி, காப்பு ஸ்விட்ச் கம்பிரெசரை நிறுத்தியது.

அவர் வாயு முழுவதையும் இயந்திரத்தால் வாங்கிக்கொண்டு, எண்ணெய்க் கறையும் புழுதியும் படிந்திருந்த ஓர் இணைப்பைச் சுட்டினார். ஒழுகும் வாயு எண்ணெயையும் உடன் கொணரும், கறையே சான்று. ரப்பர் வளையத்தையும் விசிறியையும் மாற்றி, காற்றும் ஈரமும் நீங்க வேக்குவம் பிடித்து, பானெட்டின் கீழ் ஒட்டிய சீட்டிற் கண்ட கிராம் அளவுப்படி தராசில் நிறுத்து ஏற்றினார்.

ஒழுகிய வாயு எங்கே போயிற்று என்னும் வினா எம்மை விட்டிலது. முற்காலத்து ஆர் 12 ஓசோன் படலத்தை அழித்தமையால், 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. அதன் இடத்தில் வந்த 134ஏ ஓசோனைத் தீண்டாது. ஆயினும் எடைக்கு எடை கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேலாக உலகை வெப்பமாக்குவது. அதனைக் குறைக்கவே 2016இல் கிகாலியில் நாடுகள் இசைந்தன. எம் வீட்டு முற்றத்தின் பங்கும் வானிற் சேர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் கண்ணைக் காட்டுதற்கு அம்மாயியை மீண்டும் அழைத்துச் சென்றோம். அதே சுங்கச்சாவடி, அதே லாரி வரிசை. அம்மாயி முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, "குளுருது சாமி, கொஞ்சம் கொறைச்சு வை" என்றார்.